ஆறு வயதுக் கையும் நீலச் சிலுவார் கொக்கியும்

என் மகன் 2019 டிசம்பரில் பிறந்தவன். ஏழு வயதாகும் ஆண்டில் முதலாம் ஆண்டில் சேர்ப்பது இங்கே மலேசியாவில் வழக்கம். பிறந்த ஆண்டைத்தான் பார்ப்பார்கள், மாதத்தைப் பார்ப்பதில்லை. அதனால் 2026 ஜனவரி 12, திங்கட்கிழமை பள்ளி திறந்தபோது அவனுக்கு ஆறு வயதும் ஒரு மாதமும்தான். அதே வகுப்பில் ஜனவரியில் பிறந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஏறக்குறைய ஒரு வருடம் மூத்தவர்கள். வரிசையில் நிற்க வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. பொத்தானைப் போடச் சொன்னால் தெரிந்துவிடும்.

சீருடை வாங்கக் கிளம்பியபோது இதை நான் யோசிக்கவில்லை. எந்தக் கடை, என்ன விலை, எத்தனை ஜோடி, துணி வெளுக்குமா, சாயம் போகுமா என்று எல்லாம் யோசித்தேன். பிள்ளையின் விரல்களை யோசிக்கவில்லை. முதல் பிள்ளையை இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ பள்ளிக்கு அனுப்பப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த முறை நேரமும் நெருக்கடி. சில வருடங்களாக மார்ச்சிலும் பிப்ரவரியிலும் தொடங்கிக்கொண்டிருந்த பள்ளித் தவணை 2026இல் பழையபடி ஜனவரிக்கு வந்துவிட்டது. தீபாவளிச் செலவு அக்டோபரில் முடிந்து மூச்சு விடுவதற்குள் டிசம்பர். பள்ளி திறக்கும் அதே வாரம் பொங்கல், பிப்ரவரி முதல் தேதி தைப்பூசம். என் கணவர் லோரி ஓட்டுகிறார், நான் ஒரு கிளினிக்கில் முகப்பில் இருக்கிறேன். டிசம்பர் சம்பளம் வரும்வரை கடைப்பக்கம் போக முடியவில்லை. கடைசிச் சனிக்கிழமை, 27ஆம் தேதி, அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறினேன். மஸ்ஜிட் ஜாமெக் ஐந்தாவது நிறுத்தம். மகன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான்.

அம்மாவுக்கு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் இன்னும் 'பத்து ரோடு'தான். சுதந்திரத்துக்குப் பிறகு முதல் மாமன்னரின் பெயரை வைத்தார்கள், ஆனால் அம்மாவின் வாயில் பழைய பெயர் மாறவே இல்லை. பிள்ளைகளாக இருந்த எங்கள் மூன்று பேருக்கும் அங்கே குளோப் சில்க் ஸ்டோரில் துணி எடுத்த கதையை மஸ்ஜிட் இந்தியா சாலை முழுக்கச் சொல்லிக்கொண்டே நடந்தார். கூட்டம் தாங்கவில்லை. நடைபாதையிலேயே வெள்ளைச் சட்டைகளைக் கட்டுக்கட்டாகப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். பெண்பிள்ளைகளின் நீலப் பினாஃபோர்கள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. மலாய் உடையான பாஜு கூரோங் இன்னொரு பக்கம்.

பையனுக்கு வேண்டியது வெள்ளை அரைக்கைச் சட்டை, கடல்நீலச் சிலுவார், அதாவது கால்சட்டை. ஆரம்பப்பள்ளிக்கு நீலம், இடைநிலைப்பள்ளிக்குப் பச்சை என்பது எங்கள் காலத்திலிருந்து மாறவில்லை. குட்டைச் சிலுவாரும் போடலாம், நீளமும் போடலாம். இந்த வெயிலுக்குக் குட்டையே எடுத்தேன்.

மகனின் இடுப்பு 22 அங்குலம். கடைக்காரத் தம்பி 22 எடுத்துக் கொடுத்தார். அம்மா அதைத் திருப்பி வைத்துவிட்டு 24 கேட்டார்.

"வளர்ற புள்ளடி. ரெண்டு வருசம் போட வேணாமா?"

"இடுப்புல நிக்காதேம்மா."

"ரப்பர் வச்சது இருக்கும், கேளு."

"ரப்பர் இருக்குக்கா" என்றார் தம்பி. மூன்று சட்டை, தலா 19 வெள்ளி (ரிங்கிட்). மூன்று சிலுவார், தலா 24. பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. ரப்பரை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்து துவைத்துக் காயவைத்து, நீளத்தையும் மடித்துத் தைத்து அலமாரியில் வைத்த பிறகுதான் என் தோழியின் அக்கா கேட்டார். அவர் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் பல வருடங்களாகப் பாடம் எடுக்கிறவர். "அவன் தானா கழட்டிப் போடுறானான்னு பாத்தியாம்மா? மொத வாரம் பிள்ளைங்க எங்ககிட்ட அழுவுறது படிப்புக்காக இல்ல. டாய்லெட்டுல சிலுவார் அவுக்க முடியாமத்தான்."

அன்றிரவே மகனுக்கு முழுச் சீருடையும் போட்டு வரவேற்பறையில் நிறுத்தினேன். "இப்ப நீ ஸ்கூல்ல இருக்க. ஒன்னுக்கு வருது. நீயே கழட்டு பாப்போம்."

முன்பக்கம் பட்டையான இரும்புக் கொக்கி. அது எதிர்ப்பக்கத்தில் தைத்திருக்கும் சின்னக் கம்பிக்குள் நுழைந்திருக்கும். அதைக் கழற்ற, முதலில் வயிற்றை உள்ளே இழுக்க வேண்டும். பிறகு இரண்டு முனையையும் ஒன்றை நோக்கி ஒன்றைத் தள்ளிப் பிடித்து, அதற்குப் பிறகு பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். பெரியவர்களுக்கு இது யோசிக்காமலே வரும். பிள்ளை என்ன செய்வான்? கழற்ற வேண்டும் என்றால் இழுப்பான். இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் வெளியே இழுத்தான். இழுக்க இழுக்கக் கொக்கி இறுகியது. விரல் நுனிகள் வெளுத்துப் போயின. கொக்கிக்கு உள்ளே இன்னொரு பொத்தான் வேறு. அதற்குக் கீழே ஜிப். கடையில் சொன்ன ரப்பர் இடுப்பின் பின்பாதியில் மட்டும்தான், முன்பாதி முழுக்கக் கெட்டிப் பட்டை.

இரண்டு நிமிடம் ஆனது. அவன் முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, உண்மையாகவே அவசரம் வந்தவன்போல நின்றான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஸ்கூல்ல டீச்சர் கழட்டி விடுவாங்களாம்மா?" என்று கேட்டான். அவன் அழவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. பாலர் பள்ளியில் இரண்டு வருடம் பெருமையாகப் போய் வந்த பிள்ளை. நாற்பது பேர் சேர்ந்து ஓடும் ஓய்வு நேரத்தில், ஒரு கொக்கியால் ஈரமாகி நிற்க விடுவேனா?

மறுநாள் கடைக்குப் போன் செய்தேன். துவைத்ததை, மடித்துத் தைத்ததை மாற்ற மாட்டோம் என்றார்கள். அது நியாயம்தான். ஆனால் 'ரப்பர் இருக்கு' என்றால் எங்கே இருக்கிறது என்று விற்கிறவர் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம், வாங்குகிறவருக்கு அது பெரிய உதவி. நீங்கள் வாங்கும்போது சிலுவாரை உள்பக்கம் புரட்டிப் பாருங்கள். இடுப்பு முழுக்கச் சுருக்கம் இருக்க வேண்டும். கொக்கியே இல்லாத வகையும் விற்கிறார்கள் என்பதை நான் பிறகுதான் கண்டேன், அதுவும் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே.

புதிதாக மூன்று வாங்க மனம் வரவில்லை. செந்தூல் மார்க்கெட் பக்கம் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் எடுத்துப் போனேன். அவர் சிலுவாரை விரித்துப் பார்த்ததும் முதலில் கேட்டது, "எத்தன இஞ்சு?" 24 என்றேன். பிள்ளைக்கு 22 என்றும் சொன்னேன். "அப்ப நல்லதாப் போச்சு" என்றார். அளவெடுத்தாற்போல் 22 வாங்கியிருந்தால் இடுப்பை மூடித் தைத்த பிறகு சிலுவார் பின்புறத்தைத் தாண்டிக் கீழே இறங்காது. இரண்டு அங்குலம் கூடுதலாக இருப்பதால் உள்ளே ரப்பர் ஓட்டிச் சுருக்கலாம், இழுத்தால் விரியும். அம்மா பிடிவாதமாக எடுத்த 24தான் காப்பாற்றியது. வீட்டில் சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை, பேரனுக்கு இன்னொரு தோசை வைத்தார்.

அந்த அக்கா கொக்கியையும் உள்பொத்தானையும் அறுத்து எடுத்தார். ஜிப்பை ஏற்றி, உள்பக்கமாக ஒரு தையல் போட்டு மூடினார். இடுப்புப் பட்டையைப் பக்கத்தில் கொஞ்சம் பிரித்து, ஓர் அங்குல அகல ரப்பரைச் சுற்றிலும் ஓட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் பையன்களின் சிலுவாரும் போலத்தான் தெரிகிறது. அதுவும் முக்கியம், பிள்ளைகள் கவனிப்பார்கள். ஒன்றுக்கு எட்டு வெள்ளி. மகன் அங்கேயே போட்டுப் பார்த்து, இறக்கி, ஏற்றி, இறக்கிக் காட்டினான்.

சட்டைக்கு வேறு வேலை இருந்தது. புதுச் சட்டையில் பொத்தான் ஓட்டைகள் இறுக்கமாக இருக்கும். இரவில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே ஒவ்வோர் ஓட்டையிலும் பொத்தானை இருபது முறை போட்டுப் போட்டு எடுத்தேன். மூன்றாம் நாள் அவன் கழுத்துப் பொத்தானைத் தவிர மற்றதையெல்லாம் தானே போட்டான். கழுத்தின் பின்னால் இருக்கும் லேபிளைக் கத்தரியால் வெட்டாதீர்கள். வெட்டினால் முள்போல ஒரு விளிம்பு மிஞ்சும், முழு லேபிளைவிட அதுதான் அதிகம் குத்தும். முதல் சட்டையில் அப்படிச் செய்து, அவன் கழுத்து சிவந்துபோனது. மற்ற இரண்டிலும் ஊசி முனையால் தையலைப் பிரித்து எடுத்தேன்.

மூன்று ஜோடிகூடத் தேவைப்பட்டிருக்காது என்பது பெற்றோர் கூட்டத்தில் கொடுத்த தாளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எங்கள் பள்ளியில் வெள்ளைச் சட்டை வாரத்தில் இரண்டு நாள் மட்டும், மற்ற நாள்களில் விளையாட்டு உடை. விளையாட்டு உடையைப் பள்ளியில்தான் வாங்க வேண்டும், சட்டையும் நீளச் சிலுவாரும் சேர்ந்து 45 வெள்ளி, இரண்டு ஜோடி எடுத்தேன். அந்தத் தாள் கையில் வரும்வரை பொறுத்திருக்கலாம். பெயர்ப்பட்டையைச் சட்டையில் தைக்க வேண்டாம், கழற்றி மாட்டுவதாக இருந்தால் போதும் என்றும் அதில் இருந்தது. நல்ல முடிவு. பிள்ளையின் பெயர் நெஞ்சில் எழுதியபடி தெருவில் நடப்பது எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. மூன்று பட்டை, 12 வெள்ளி.

சப்பாத்து கறுப்பு. நாங்கள் படித்தபோது வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டு வாசலில் மூன்று ஜோடிச் சப்பாத்தைத் தேய்த்துக் காயவைத்து, அம்மா வெள்ளைப் பூச்சு அடிப்பார். மழை வந்துவிட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைப்பார். திங்கள் காலை அந்த வாசனையோடு பள்ளிக்குப் போவோம். கறுப்புக்கு மாறும் அறிவிப்பு 2018இல் வந்தது, 2021லிருந்து எல்லாப் பள்ளியிலும் கறுப்புதான். அம்மா கடையில் அந்தக் கறுப்புச் சப்பாத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அன்னைக்கே வந்திருக்கக் கூடாதா" என்று மட்டும் சொன்னார்.

கயிறு வைத்தது வேண்டாம், ஒட்டுப்பட்டை வைத்ததை எடுங்கள். பிள்ளையை உட்கார வைத்துப் போட்டுப் பார்க்காமல், காலுறையோடு நிற்க வைத்து, முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். சிலுவாரைப் பெரிதாக வாங்கினால் சுருக்கலாம். சப்பாத்தைப் பெரிதாக வாங்கினால் பிள்ளை விழுவான். 40 வெள்ளி ஆனது. ஐந்து ஜோடிக் கறுப்புக் காலுறை 15 வெள்ளி.

எல்லாம் சேர்த்து 310 வெள்ளி, புத்தகப்பையும் தண்ணீர்ப் போத்தலும் இதில் இல்லை. அரசாங்கம் ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கும் 150 வெள்ளி பள்ளித் தொடக்க உதவி பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஈடுகட்டியது. முன்பு வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 100 வெள்ளியாக இருந்தது, 2023லிருந்து எல்லாருக்கும் 150. எங்களுக்கு அது பள்ளி தொடங்கிய பிறகுதான் கைக்கு வந்தது, ஆகவே முதலில் நம் பணத்தைத்தான் போட வேண்டியிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகளை ஒன்றாகச் சேர்க்கிறவர்களை நினைத்துப் பார்க்கிறேன். வளர்ந்த பிள்ளைகளின் நல்ல நிலையில் உள்ள சீருடைகளைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கொடுத்து வைத்தால் எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் கேட்டுவிட்டேன், வாங்கி வைப்பதாகச் சொன்னார்கள்.

12ஆம் தேதி காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். சட்டையை அவனே போட்டான், கழுத்துப் பொத்தானை மட்டும் நான் போட்டேன். தாத்தா படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டான். முதல் நாள் என்பதால் பெற்றோர்களைச் சபைகூடல் வரை உள்ளே விட்டார்கள். பிறகு வகுப்பு வரிசையில் நடந்து போனவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் வாசலில் காத்திருந்தேன். சட்டையில் சம்பால் கறை, ஒரு காலுறை கணுக்காலுக்கு இறங்கியிருந்தது, பெயர்ப்பட்டையைக் காணோம். கூட்டத்தில் கேட்கக் கூச்சப்பட்டு, மோட்டாரில் ஏற்றி ஹெல்மெட் மாட்டும்போது காதோடு கேட்டேன்.

"டாய்லெட்டுக்குப் போனியாப்பா?"

"ரெண்டு தடவ போனேன். பக்கத்துல இருந்த பையனுக்கு அவுக்க வரலம்மா. நான் டீச்சரக் கூப்புட்டேன்."

அந்தப் பையனின் அம்மாவை மறுநாள் வாசலில் தேடிப் பிடித்து, செந்தூல் மார்க்கெட் தையல்கார அக்கா இருக்கும் இடத்தைச் சொன்னேன். போகும் வழியில் கூட்டுறவுக் கடையில் இன்னொரு பெயர்ப்பட்டைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.