கொஞ்சங்குறைய

மே 11, திங்கள்

வரும் 24-ஆம் திகதி ஆராதனை முடிந்ததும் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று போதகர் ஐயா கேட்டார். சரி என்று விட்டேன். இந்த வருடம் பெந்தெகொஸ்தே ஞாயிறும் ஆல்டர்ஸ்கேட் நாளும் ஒன்றாக வருகின்றன.

யாழ்ப்பாணத்து மெதடிஸ்தருக்கு அந்தக் கதை பாலோடு புகட்டியது. 1738 மே 24, புதன்கிழமை. லண்டன் ஆல்டர்ஸ்கேட் வீதியில் ஒரு சிறு கூட்டம். ஜோன் வெஸ்லி மனமில்லாமல்தான் போகிறார். பவுலின் ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கிறார். எட்டே முக்கால் மணியளவில் வெஸ்லியின் உள்ளம் விநோதமாய்ச் சூடாகிறது.

அந்தச் 'சூடு' தமிழில் எனக்கு எப்போதும் இடறும். நமக்கு மகிழ்ச்சி வந்தால் நெஞ்சு குளிரும்; கொதித்தால் அது துன்பம். உயிர்த்த இயேசுவோடு எம்மாவுக்கு நடந்த சீஷரின் வாக்கியம் மட்டும் துணைக்கு வருகிறது: 'நம்முடைய இருதயம் நமக்குள்ளே கொழுந்துவிட்டு எரியவில்லையா.'

மே 14, வியாழன்

வார்டும் ஹைட்சன்ரேட்டரும் பதிப்பித்த வெஸ்லியின் நாட்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, 1738 பெப்ரவரி 1-க்குப் போனேன். அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் மிஷனரி வேலையில் தோற்றுத் திரும்பிக் கரையிறங்கிய நாள். மற்றவர்களை மனந்திருப்ப அமெரிக்கா போன நான் ஒருபோதும் மனந்திரும்பியவனல்ல என்று எழுதுகிறார். 1740-இல் அது அப்படியே அச்சாகியது. பிரசங்கங்களில் நாம் மேற்கோள் காட்டுவதும் அதைத்தான்.

அடிக்குறிப்புகளைப் பாருங்கள். 1774-இல், தன் எழுத்துகளின் தொகுப்பு வந்தபோது, அவர் தாமே சேர்த்தவை. மனந்திரும்பாதவன் என்ற இடத்தில்: 'இது எனக்கு நிச்சயமில்லை.' தன்னைக் கோபாக்கினையின் பிள்ளை என்ற இடத்தில்: 'அப்படி நான் நம்பவில்லை.' அப்புறம், அப்போதே தனக்குத் தேவனுக்குப் பயந்து கீழ்ப்படியும் ஒரு வேலைக்காரனின் விசுவாசம் இருந்தது, தேவனுடைய பிள்ளை என்ற நிச்சயமுள்ள மகனின் விசுவாசம்தான் இருக்கவில்லை என்று ஒரு குறிப்பு.

எழுபது வயது கடந்த மனிதர். தன் இயக்கமே சாட்சியாகத் தூக்கிப் பிடித்த பக்கத்தை வெட்டவில்லை, மாற்றி எழுதவுமில்லை. பழையதை நிற்க விட்டு, அதன் காலடியில் சின்ன எழுத்தில் திருத்தம் வைத்தார். அந்தப் பக்கத்தை விட்டு இன்று நான் நகரவேயில்லை.

மே 17, ஞாயிறு

அம்மம்மாவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது வீட்டுக் கூட்டங்களில் ஒவ்வொருவராக எழுந்து, தாங்கள் இரட்சிக்கப்பட்ட நாளையும் மணியையும் சொல்லிச் சாட்சி கொடுப்பார்கள். அம்மம்மாவின் முறை வரும்போது அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பார். 'எனக்குத் திகதி இல்லை ஐயா' என்பார். பிறகு எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொண்டுவர எழுந்துபோவார். அறுபது வருடம் விடியற்காலை நான்கரைக்கு முழங்காலில் நின்ற மனுஷி. தனக்கு ஏதோ குறை என்ற எண்ணத்துடனேயே கண்ணை மூடினார்.

மே 19, செவ்வாய்

பிரித்தானிய மெதடிஸ்த மரபில் உபதேசத்துக்கு அளவுகோல் வெஸ்லியின் 44 பிரசங்கங்களும் புதிய ஏற்பாட்டுக் குறிப்புகளும். அதில் இரண்டாவது, 1741 யூலையில் ஒக்ஸ்போர்டில் அவர் செய்த பிரசங்கம். அகிரிப்பா ராஜா பவுலிடம் சொன்னதுதான் ஆதார வசனம்: 'நான் கிறிஸ்தவனாகிறதற்குக் கொஞ்சங்குறைய நீ என்னைச் சம்மதிக்கப்பண்ணுகிறாய்.' உண்மையாய் நடந்து, ஜெபித்து, தருமம் செய்து, எல்லாம் இருந்தும் அவன் கொஞ்சங்குறையக் கிறிஸ்தவன்தான் என்று இளம் வெஸ்லி தீர்க்கிறார். அம்மம்மாவை உட்கார வைத்தது இந்தச் சொல்தான்.

1788-இல் விசுவாசத்தைப் பற்றி எழுதிய பிரசங்கத்தில் குரலே வேறு. ஏறக்குறைய ஐம்பது வருடத்துக்கு முன் நாங்கள் பிரசங்கிக்கத் தொடங்கியபோது, தேவனுடைய வேலைக்காரனுக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தைப் போதிய அளவு அறிந்திருக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவின் வீட்டில் பேதுரு சொன்னதைத் துணைக்கு எடுக்கிறார்: அவருக்குப் பயந்திருந்து நீதியைச் செய்கிறவன் அவருக்கு உகந்தவன். வேலைக்காரனும் ஏற்றுக்கொள்ளப்பட்டவன்தான்.

இந்தப் பிரசங்கம் அந்த 44-க்குள் இல்லை. மெதடிஸ்த இறையியலைக் கற்பிக்கும் எவரும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே கற்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மே 20, புதன்

1766-இல் தம்பி சார்ள்ஸுக்கு எழுதிய கடிதம். நடுவில் சில சொற்கள் சுருக்கெழுத்தில், பிறர் கண்ணுக்குத் தப்ப. நான் தேவனை நேசிக்கவில்லை, ஒருபோதும் நேசித்ததுமில்லை என்கிறார். ஆல்டர்ஸ்கேட்டுக்கு 28 வருடம் கழித்து! அதே கடிதத்திலேயே, தேவனுடைய வேலையில் தன் வைராக்கியம் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது என்றும் எழுதுகிறார்.

மே 22, வெள்ளி

பக்கத்து வீட்டுத் தமிழ் ஆசிரியரோடு கதைத்தேன். அவர் சைவர். வேலைக்காரன், மகன் என்றதுமே, 'இது எங்கட தாசமார்க்கமும் சற்புத்திரமார்க்கமும் அல்லவா' என்றார். அப்பர் தொண்டர், சம்பந்தர் பிள்ளை. இரண்டின் அடிப்படையும் வேறு. வெஸ்லிக்கு இது ரோமர் 8-இல் பவுல் சொல்லும் புத்திரசுவிகாரம், அதாவது தேவன் நம்மைப் பிள்ளையாகத் தத்தெடுப்பது. ஆனாலும், தொண்டனை வாசலுக்கு வெளியே நிறுத்தாத ஒரு வரிசை தமிழ்க் காதுக்கு ஏற்கெனவே பழக்கம் என்பது எனக்குப் பெரிய உதவி. 1814-இல் மெதடிஸ்த மிஷனரிமார் லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் வந்தது இந்தக் காதுகளிடம்தான்.

மே 24, ஞாயிறு

பேசி முடித்தேன். அடிக்குறிப்புகளை இரண்டு முறை வாசித்தேன். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா கேட்டார்: 'அப்ப அந்த இரவு அவருக்குத் தேவையில்லாமல் போச்சோ?'

இல்லை என்றேன். 1788 பிரசங்கத்தில் வேலைக்காரனை அவர் அங்கேயே இருக்க விடவில்லை. மகனுடைய விசுவாசத்தை அடையும்வரை நாடிப்போ என்று ஊக்கப்படுத்துகிறார். அதை விளக்கத் தொடங்கும்போது நேரம் முடிந்துவிட்டது. அந்த அம்மா விடவில்லை. அடுத்த ஞாயிறு அந்தப் பகுதியை மட்டும் தமிழில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார், பெரிய எழுத்தில்.