45-க்கு 57 பொருந்தாது

2022 ஏப்ரல் 6, புதன்

கொழும்பில் கிளினிக் போய் வந்தேன். ஊரடங்கை எடுத்த பிறகும் ரோட்டில் பஸ் குறைவு. டீசலுக்கு வரிசை என்றார் கண்டக்டர்.

வயிற்றில் ஒட்டி மலம் சேரும் பையைக் கொடுக்கும் யன்னலில் மிஸ் என் கொப்பியைப் பார்த்தார், உள்ளே போனார், வழமையில் தருவதில் பாதியைக் கொண்டுவந்து வைத்தார். "ஐயா, இதை வச்சுச் சமாளியுங்க. அடுத்த மாசம் பார்ப்பம்." எனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் அவர் இதையேதான் சொல்ல வேண்டும். சண்டை பிடிக்க மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பிரித்தால், தோலில் ஒட்டும் தட்டு 57 மில்லிமீட்டர், அதில் கொளுவும் பை 45 மில்லிமீட்டர். வளையம் வளையத்தில் இறங்காது. பழைய சோனகத் தெருவில் குழாய்ச் சாமான் கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் களஞ்சியம் பார்த்தவன் நான். அரை இஞ்சிக் குழாய் கேட்டு வந்தவனிடம் முக்கால் இஞ்சி சொக்கெட்டைக் கொடுத்து, இரண்டையும் ஸ்டொக் புத்தகத்தில் கழித்துவிட்டால் முதலாளி என்ன சொல்லியிருப்பார்! இங்கே கணக்குப்படி எனக்குத் தட்டும் கிடைத்துவிட்டது, பையும் கிடைத்துவிட்டது.

புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்காக: 2019இல் பெருங்குடல் புண்ணுக்காக எனக்குப் பெருங்குடல் முழுவதையும் எடுத்தார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள். அந்த வாய்தான் ஸ்டோமா, என்னுடையது இலியோஸ்டமி. அடக்கிவைக்க அங்கே தசை இல்லை. வருவது வந்துகொண்டே இருக்கும். ஆகவே குளிக்கும்போதும் தூங்கும்போதும் கோயிலில் நிற்கும்போதும் பை.

2022 ஏப்ரல் 13, புதன்

வெளிநாட்டுக் கடனைக் கட்டப்போவதில்லை என்று நேற்று அரசாங்கம் அறிவித்தது. வெள்ளவத்தையில் இரண்டு பார்மசி ஏறி இறங்கினேன். முதல் கடையில் இல்லை. இரண்டாவதில் இருந்தது, ஆனால் விலை ஜனவரியில் வாங்கியதற்குக் கிட்டத்தட்ட இருமடங்கு. கடைக்காரத் தம்பி, "டொலர் 200 இருந்தது, இப்ப 300ஐத் தாண்டிட்டு, நாங்க என்ன செய்ய அங்கிள்" என்றான். அவன் சொன்னதும் சரிதான். நான் வாங்கும் சாமான் ஒன்றும் இங்கே செய்வதில்லை, கப்பலிலோ பிளேனிலோ வர வேண்டும். இரண்டு பை மட்டும் வாங்கினேன். நாளை புதுவருஷம். சட்டைத் துணி வேண்டாம் என்று மனைவி தானாகவே சொன்னாள்.

2022 ஏப்ரல் 24, ஞாயிறு

தோல் போய்விட்டது.

மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாளில் கழற்ற வேண்டிய தட்டை ஒரு வாரம் ஓட்டினேன். இலியோஸ்டமியில் வருவது தண்ணீராக இருக்கும். சாப்பாட்டைக் கரைக்கும் நொதிகள் அதில் உயிரோடு இருக்கும். தட்டின் ஓரத்தால் கொஞ்சம் கசிந்தாலும் அது வயிற்றுத் தோலையே கரைக்கத் தொடங்கிவிடும். புண்ணான தோல் ஈரம் விடும், ஈரத்தில் அடுத்த தட்டு ஒட்டாது, ஒட்டாவிட்டால் மறுபடி கசிவு. அதாவது, பையை மிச்சம்பிடிக்கப் போனால் கடைசியில் கூடுதல் பைதான் செலவாகும். இதை வைத்தியம் படித்தவர்களுக்கே விளக்க வேண்டியிருப்பதுதான் வேடிக்கை.

கரன்ட் வெட்டு வேறு. மின்விசிறி நின்றால் வியர்வை, வியர்த்தால் தட்டு இளகும். சித்திரை வெயிலில் கொட்டாஞ்சேனை மேல்மாடி வீடு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குறைவாகப் போகட்டும் என்று சாப்பாட்டைக் குறைத்தேன், தலை சுற்றியது. பெருங்குடல் இல்லாதவனுக்கு உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்காது. ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைத் தூள் பக்கெட்டை மகள் கரைத்துத் தந்தாள். இப்போது குழைந்த சோறு, அவித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம். இவை போவதைக் கொஞ்சம் இறுக்கும்.

2022 மே 4, புதன்

இன்று ஒரு நல்ல காரியம் நடந்தது.

கிளினிக் வாங்கில் மாளிகாவத்தை உம்மா பக்கத்தில் இருந்தார். நேற்றுத்தான் பெருநாள், ஒரு சின்ன டப்பாவில் வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தார். பேச்சு பையில் வந்து நின்றது. "எனக்கு 45 தம்பி. போன மாசம் 57 பையைத் தந்துட்டாங்க. பீரோவுக்குள்ள கிடக்கு." என் பையும் உம்மாவின் பையும் அந்த வாங்கிலேயே கைமாறின. நல்லகாலம், இரண்டும் ஒரே கொம்பனி. கொன்வாடெக் தட்டில் கொலோபிளாஸ்ட் பை ஏறாது, ஹொலிஸ்டர் பை அதிலும் ஏறாது. அளவு ஒன்றாக இருந்தாலும் பொருத்தும் விதம் வேறு.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள். ஹட்டனிலிருந்து இரவு பஸ்ஸில் வரும் தம்பிக்கு இடப்பக்கம் கொலோஸ்டமி, அதாவது பெருங்குடலை வெளியே கொண்டுவந்து தைத்த வாய். அது தற்காலிகம், மார்ச்சில் மூடிவிடுவதாகச் சொன்ன ஒப்பரேஷனை, மருந்தும் சாமானும் இல்லாததால் தள்ளிப்போட்டுவிட்டார்களாம். பை முடிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "சிலிசிலி பேக்தான் ஐயா, கடைப் பொலித்தீன் பை. துணியால இறுக்கிக் கட்டிருவேன். ரெண்டு மாசமா வேலைக்கும் போகல." த்ரீவீல் ஓட்டும் சிங்கள நண்பர் ஒருவருக்கு மூத்திரப்பையையே எடுத்திருக்கிறார்கள். அவருக்கு அடியில் குழாய்த் திருகும், உள்ளே போனது திரும்பி ஏறாதபடி வால்வும் வைத்த பை வேண்டும். எங்கள் பை அவருக்கு ஒன்றுக்கும் உதவாது.

ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டே போனேன். ஆள், வகை, அளவு, கொம்பனி, மாதத்துக்கு எத்தனை, போன முறை கிடைத்தது எத்தனை. பழைய பழக்கம். எழுதி முடித்துப் பார்த்தால், பாதிப் பேருக்குச் சாமான் "கொடுக்கப்பட்டிருக்கிறது", ஆனால் போட முடியாது.

மார்ச்சில் மருந்து விலை 29 வீதம் கூடியதும், போன வாரம் 60 வகை மருந்துக்கு 40 வீதம் கூடியதும் பத்திரிகையில் வந்தது. பை பற்றி நான் பார்த்தவரையில் ஒரு வரி இல்லை. வராதுதான். பையில்லை என்று தெருவில் நின்று கத்த வேண்டுமானால், முதலில் எனக்குப் பை இருக்கிறது என்று சொல்ல வேண்டுமே.

2022 மே 22, ஞாயிறு

கிளினிக் வாங்கில் சந்தித்தவர்கள் எங்கள் வீட்டில் கூடினோம். தேத்தண்ணிக்குப் பால்மா இல்லை. பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும்.

அதிகாரிகளுக்குக் கொடுக்கப்போகும் கடிதத்தின் முதல் வரைவை உம்மாவின் மருமகன் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "ஏழை நோயாளர்களாகிய எங்கள்மீது கருணை கூர்ந்து" என்று தொடங்கியது. அதை எடுக்கச் சொன்னேன். கருணை கேட்டால் கருணையோடு நாலு பை தருவார்கள், அதுவும் 45ஆக இருக்கும். நாங்கள் கேட்க வேண்டியது கணக்கு. எந்த வகை, எந்த அளவு, எத்தனை கையிருப்பில் இருக்கிறது, அடுத்த ஓடர் எப்போது, அதில் என்ன விகிதம். தள்ளிப்போட்ட ஒப்பரேஷன்களால் பை தேவைப்படுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தோம். போன வருஷத்துத் தேவையை வைத்து இந்த வருஷம் ஓடர் போட்டால் நிச்சயம் காணாது.

மருமகன் ஒரு விஷயம் தேடிப்பிடித்திருந்தார். சர்வதேச ஒஸ்டமி சங்கம் 1993இலேயே ஸ்டோமா உள்ளவர்களின் உரிமைப் பட்டயம் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. கட்டுப்படியாகும் விலையில் பலவகைப் பைகள் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சட்டம் இல்லைதான், இருந்தாலும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தோம். வாசிக்கிறவருக்கு நாங்கள் வெறும் கையோடு வரவில்லை என்றாவது தெரியட்டும்.

கையெழுத்துதான் கஷ்டமாக இருந்தது. கிளினிக்கில் கடைசி வரிசையில் தனியாக இருக்கும் ஒரு அக்கா எல்லாவற்றையும் வாசித்தார், ஒரு அளவைத் திருத்தினார், பிறகு பேனையைத் திருப்பித் தந்தார். மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்களாம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாதாம். யாரும் வற்புறுத்தவில்லை. அவருடைய தேவையைப் பெயரில்லாமல் அட்டவணையில் சேர்த்தோம்.

1954இல் டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்ற தாதி, ஸ்டோமா வைத்த தன் தங்கை கசிவுக்குப் பயந்து வெளியே போகாமல் இருப்பதைப் பார்த்துத்தான் ஒட்டும் பையை யோசித்தாராம். கொலோபிளாஸ்ட் தொடங்கியதே அந்தப் பையால்தான். அந்தத் தங்கை ஒரு நாள் இந்தக் கிளினிக் வாங்கில் வந்து இருந்தால் எங்களுக்கு நன்றாகப் பொருந்திப்போவாள்.

2022 மே 25, புதன்

கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் நேரில் கொடுத்தோம். கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம். ஏன் கேட்கிறாய் என்று அதில் காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மேசையில் இருந்தவர் பார்த்து வைக்கிறேன் என்றார். கிடைத்ததாக எழுதித் தரும்வரை த்ரீவீல் நண்பர் நகரவில்லை. அவர் இல்லாவிட்டால் நான் வந்திருப்பேன், நன்றி சொல்லிவிட்டு.

2022 ஜூன் 28, செவ்வாய்

பதில் இல்லை. அரச ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை. இன்று முதல் பெற்றோல், டீசல் அத்தியாவசிய சேவைக்கு மட்டும். நண்பரின் த்ரீவீல் வரிசையிலேயே நிற்கிறது. அவருடைய பை நிறைந்தால் வரிசையில் அடுத்தவரிடம் வண்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போய் வருகிறாராம்.

2022 ஜூலை 11, திங்கள்

சனிக்கிழமை ஊரே காலிமுகப் போராட்டத்துக்குப் போனது. மகளும் போனாள். நான் டிவியில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போக ஆசைதான். கையில் இருந்தது ஒரு தட்டு.

2022 ஜூலை 27, புதன்

பதில் போன வாரம் வந்தது. ஒரே வரி. "ஒஸ்டமி பைகள் கையிருப்பில் உள்ளன." ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். அளவு இல்லை, வகை இல்லை. மேன்முறையீடு எழுதிக் கொடுத்தோம், அதற்குப் பதில் வருமுன் நேரில் ஒரு முறை பேசுவோம் என்று உம்மா சொன்னார்.

இன்று நேரம் கிடைத்தது. அதிகாரி மோசமானவர் இல்லை. கதிரை போடச் சொன்னார். கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பியே காட்டினார். "பாருங்கள், இருக்கிறது. இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

நான் பைக்குள்ளிருந்து ஒரு 57 தட்டையும் ஒரு 45 பையையும் எடுத்து மேசையில் வைத்தேன். "சேர், இதைக் கொளுவிக் காட்டுங்கள்" என்று நண்பர் சிங்களத்தில் சொன்னார்.

எடுத்தார். அழுத்தினார். திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் பலமாக அழுத்தினார். உதவியாளரைக் கூப்பிட்டார், அவரும் அழுத்திப் பார்த்தார். உம்மா சிரிப்பை அடக்கச் சால்வையை வாயில் வைத்துக்கொண்டார்.

"இது ஏன் இப்படி வருகிறது?"

"திரையில் எல்லாம் ஒரே வரியில் இருப்பதால் வருகிறது சேர்."

அப்புறம்தான் எங்கள் அட்டவணையை வாங்கி வாசித்தார். நியாயமான கேள்விகள் கேட்டார். இத்தனை அளவையும் தனித்தனியாக வாங்கக் காசு இல்லையே, என்ன செய்யலாம்? அதற்கும் தயாராகத்தான் போயிருந்தோம். தட்டும் பையும் ஒன்றாக இணைந்த, துவாரத்தை நாமே வெட்டிக்கொள்ளும் பை என்றால் பெரும்பாலானவர்களுக்கு ஒரே சாமான் போதும்; கத்தரிக்கோல் நாங்கள் வைத்திருக்கிறோம். ஆனால் அடி திறந்து கழுவும் வகையாக இருக்க வேண்டும். மூத்திரத்துக்குத் திருகு வைத்தது தனியாக. ஸ்டோமா தோல் மட்டத்துக்கு அமுங்கிப்போனவர்களுக்குக் குவிந்த தட்டு தனியாக; அவர்கள் கொஞ்சப் பேர்தான், ஆனால் தட்டையானது அவர்களுக்கு ஒரு நாள்கூட நிற்காது. அதிகாரி எழுதிக்கொண்டார். களஞ்சியப் பதிவை அளவுவாரியாகப் பிரிக்கச் சொல்வதாகவும் சொன்னார். எழுத்தில் கேட்டோம். அனுப்புகிறேன் என்றார்.

மேன்முறையீட்டைத் திரும்பப் பெறவில்லை.

2022 ஆகஸ்ட் 14, ஞாயிறு

இந்த மாதம் எனக்கு 57 பை கிடைத்தது, தேவையில் முக்கால்வாசி. உம்மாவுக்கு 45. நண்பருக்கு இன்னும் இல்லை. ஹட்டன் தம்பி பஸ் கிடைக்காமல் கிளினிக் நாளைத் தவறவிட்டான். அவனுடைய பங்கை வேறொருவர் கொப்பியைக் காட்டி வாங்க விடுவார்களா என்று நாளை கேட்க வேண்டும். எழுத்துப் பதில் வரவில்லை.

டொரொன்டோவிலிருந்து மச்சான் கோல் எடுத்தான். அங்கே கோயில் சனம் காசு சேர்த்திருக்கிறதாம், பெட்டி பெட்டியாகப் பை அனுப்பட்டுமா என்று கேட்டான். அனுப்பு, ஆனால் நான் எழுதித் தருவதை மட்டும் அனுப்பு என்றேன். மகள் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள்:

அடி மூடிய பை வேண்டாம். ஒரு முறை நிறைந்தால் எறிய வேண்டியது அது. இலியோஸ்டமிக்காரர் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை காலி செய்ய வேண்டும். தனித் தட்டு வேண்டாம், தனிப் பையும் வேண்டாம். ஒன்றாக இணைந்தது, வெட்டிக்கொள்வது, அடி திறப்பது. திருகு வைத்தது ஒரு பெட்டி, அது நண்பருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும். புண்ணான தோலில் தூவும் ஸ்டோமா பவுடர் எவ்வளவு கிடைத்தாலும் சரி. காலாவதித் திகதி பார்த்து வாங்கு; பசை பழசானால் ஒட்டாது. பெட்டிக்கு வெளியே வகையையும் எண்ணிக்கையையும் பெரிதாக எழுது, இல்லாவிட்டால் இங்கே அதையும் ஒரே வரியில் பதிந்துவிடுவார்கள்.