முகூர்த்த நாளும் ஓட்டல் அலமாரியும்

கல்யாணத்துக்கு வந்த குடும்பம் அறைக்குள் நுழைந்து பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். நாற்காலியில் அப்பாவின் பேன்ட், டீவி மேல் துண்டு, ஏசி காற்றுக்கு நேராக ஸ்கிரீன் கம்பியில் ஈர வேட்டி. முகூர்த்தப் புடவை மாட்டிய ஹேங்கர், தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கக் கூரையில் வைத்த ஸ்பிரிங்ளரில் ஆடிக்கொண்டிருக்கும். அலமாரி மட்டும் அந்துருண்டை வாசத்தோடு காலியாக இருக்கும்.

இதில் வயிற்றைக் கலக்குவது ஸ்பிரிங்ளர்தான். அதன் நடுவே உள்ள சிவப்புக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரி சூட்டில் உடைவதற்காக வைத்தது. ஹேங்கர் இடித்தும் உடையும். உடைந்தால் குழாயில் மாதக்கணக்காகத் தேங்கிக் கிடந்த கறுப்புத் தண்ணீர் நேராகப் பட்டுப்புடவை மேல் கொட்டும். 'இங்கே மாட்டாதீர்கள்' என்று ஸ்டிக்கர் ஒட்டினால், ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டே மாட்டுவார்கள். பாத்ரூம் வாசல் பக்கத்துச் சுவரில் ஐந்தரை அடி உயரத்தில் நாலு கொக்கி அடித்துப் பாருங்கள், கை தானாக அங்கே போகும். ஒரு தலைக்கு இரண்டு கொக்கி என்பது கணக்கு. ஜிப்ஸம் போர்டில் அடித்த கொக்கி முதல் ஈரத் துண்டுக்கே கையோடு வந்துவிடும். செங்கல் சுவரில் ரால் பிளக் (திருகை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை) வைத்து அடிக்க வேண்டும்.

சரி, அலமாரியை ஏன் தொடுவதில்லை? பாதிக் காரணம் பிளைவுட்டில் இருக்கிறது. எட்டடிக்கு நாலடி ஷீட்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் அலமாரியின் ஆழம் 24 இஞ்ச், மூன்றாக அறுத்தால் 16. ஓனர் மிச்சம் பிடிக்கும் இடம் இதுதான். வெறும் ஹேங்கரே 17 இஞ்ச். சட்டை மாட்டினால் 21 வரை போகும். 16 இஞ்ச் அலமாரியில் சட்டைகள் டவுன் பஸ் படிக்கட்டில் தொங்குகிற பையன்கள் மாதிரி ஒருக்களித்து நிற்கும், கதவு மூடாது. உள் ஆழம் 22 இஞ்ச் கட்டாயம் வேண்டும். ஸ்லைடிங் கதவு என்றால் அதன் தடத்துக்கு இன்னும் மூன்று நாலு இஞ்ச் தனியாக விட வேண்டும்.

மீதிக் காரணம் எக்ஸ்ட்ரா பெட். அதை விரித்த நிமிஷமே அலமாரிக் கதவுக்கு ஆயுள் தண்டனை. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கதவே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. கீல் தொய்யாது, வைத்த பொருள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். புடவையை இரண்டாக மடித்து மாட்டினால் இரண்டு அடி சொச்சம்தான் தொங்கும். அதனால் கம்பிக்குக் கீழே மூன்றரை அடி விட்டு, அடியில் பெட்டிக்கு இடம் ஒதுக்கலாம். ஷெர்வானி, கவுனுக்கு ஓரமாக ஓரடி அகலத்தில் ஐந்தடி உயரம் போதும்.

பெட்டி வைக்கும் மேடைதான் இப்போது பெரிய தலைவலி. முன்பெல்லாம் மூடியைச் சுவரில் சாய்த்தால் வேலை முடிந்தது. இன்றைய பெரிய டிராலி நடுவில் ஜிப் வைத்து இரண்டு சரிபாதியாகப் பிளக்கிறது. விரித்தால் 30க்கு 40 இஞ்ச். இரண்டரை அடி மேடையில் ஒரு பாதி உட்காரும், மறு பாதி அந்தரத்தில் தொங்கும், கொஞ்ச நேரத்தில் வேட்டி, விபூதி, முறுக்கு எல்லாம் தரையில். மேடை ஐந்தடி நீளம், 18 இஞ்ச் உயரம் இருக்கட்டும். பின்சுவரில் ஒன்றரை அடிக்கு மைக்கா ஒட்டாவிட்டால் மூன்றே மாதத்தில் பெயின்ட் போய்விடும். குஷன் வேண்டவே வேண்டாம். அந்தச் சக்கரம் இப்போதுதான் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. 19 எம்எம் பிளைவுட்டுக்கு இரண்டு அடிக்கு ஒரு தாங்கு கொடுங்கள். பெட்டியின் கனத்தைக்கூடத் தாங்கிவிடும், அதன் மேல் ஏறிக் குதிக்கும் குழந்தைகளை யார் தாங்குவது?

குட்டி ஃபிரிட்ஜில் சாக்லேட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு மல்லிகைப்பூவை வைப்பார்கள், நியாயம்தான். ஆனால் ஃபிரிட்ஜை நாலு பக்கமும் அடைத்த பெட்டிக்குள் திணித்திருந்தால் பின்பக்கச் சூடு போக வழியிருக்காது, பூ வதங்கிவிடும். பின்னால் இரண்டு இஞ்ச் இடைவெளி, கீழே காற்று நுழைய ஒரு வெட்டு, மேலே வெளியேற ஒரு வெட்டு. சாவி அட்டையை உருவினால் அணைந்துபோகாத தனி லைனில் பிளக் கொடுக்கவும் மறக்கக் கூடாது.

கட்டிலோரத்து டிராயரைத் தைரியமாக நீக்கிவிடலாம், திறந்த தட்டு போதும். டிராயர் உள்ள ஓட்டலில் மதியம் செக்-அவுட் ஆகி, வேன் சுங்கச்சாவடியைத் தாண்டிய பிறகு ஃபிரன்ட் ஆபீசுக்கு ஒரு போன் வரும்.

"சார், எங்க அப்பா பல்செட்டு அந்த டிராயர்ல இருக்கா பாருங்க... டிஷ்யூல சுத்தி வச்சிருந்தாராம்."

டிஷ்யூ என்றதும் ரூம் பாய் குப்பைக்கூடையைத் தேடி ஓடுவார்.