கால்வேயில் அவசரமில்லாத ஒரு சனிக்கிழமை

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினிலிருந்து மேற்குக் கரையிலுள்ள கால்வே நகருக்கு ஒரே நாளில் போய்த் திரும்பும் சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் மோஹர் செங்குத்துப் பாறைகளையும் சேர்த்துக்கொண்டு, நகரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரத்தை மட்டுமே ஒதுக்குகின்றன. ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில் நானும் கணவரும் காரில் கிளம்பியபோது அந்தப் பாறைகளை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். பகல் முழுவதையும் ஓர் ஊரிலேயே கழிப்பது, கால் வலித்தால் உட்கார்ந்துகொள்வது என்பதற்கு மேல் எங்களிடம் திட்டம் எதுவும் இல்லை.

தூரம் சுமார் 200 கிலோமீட்டர். எம்4 நெடுஞ்சாலையில் கின்னகாட் வரை போய், அங்கிருந்து எம்6-ஐப் பிடித்தால் இரண்டரை மணி நேரத்தில் மேற்குக் கரைக்கு வந்துவிடலாம். நம் ஊரைப் போலவே இங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால், புதிதாக வருபவர்களுக்கும் சாலை விரைவில் பழகிவிடும். வழியில் அத்லோனில் இறங்கி, கோட்டைக்கு எதிரே அகன்று ஓடும் ஷானன் ஆற்றைப் பார்த்தபடி பிளாஸ்க்கில் கொண்டுபோயிருந்த தேநீரைக் குடித்தோம்.

கால்வேயில் எங்களை அதிக நேரம் பிடித்து வைத்தது கடலல்ல, கோரிப் ஆறு. அயர்லாந்துத் தீவின் இரண்டாவது பெரிய ஏரியான கோரிப் ஏரியின் நீரெல்லாம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் மட்டுமே ஓடிக் கடலில் கலந்துவிட வேண்டியிருப்பதால், ஊருக்கு நடுவே இந்த ஆறு ஓடும் வேகம் சற்றுப் பயமுறுத்தும். கடலிலிருந்து ஏரியைத் தாண்டி ஓடைகளில் முட்டையிடப் போகும் சால்மன் மீன்கள் கோடையில் இந்த நீரை எதிர்த்துத்தான் ஏற வேண்டும். தடுப்பணைக்குச் சற்றுக் கீழே இருக்கும் சால்மன் வியர் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தபோது, முதலில் பழுப்பு நீரும் பாசியும் தவிர ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்றிருந்த முதியவர் ஒருவர் விரலை நீட்டிக் காட்டிய பிறகுதான், பாசி என்று நான் நினைத்தவற்றில் சில வாலை மெல்ல அசைத்தபடி, நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து இருந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது புரிந்தது. இடுப்பளவு நீரில் இறங்கித் தூண்டில் வீசிக்கொண்டிருந்தவர்களும் ஏறக்குறைய அவற்றைப் போலத்தான் அசையாமல் நின்றார்கள்.

பாலத்தின் மறுமுனையில், பழைய சிறைச்சாலை இருந்த இடத்தில் எழுப்பி 1965-இல் திறக்கப்பட்ட பேராலயம் இருக்கிறது. அதன் பக்கச் சிற்றாலயம் ஒன்றின் மொசைக்கில் ஜான் எஃப். கென்னடியின் உருவத்தைப் பார்த்ததும் கணவருக்கு வியப்பு. அயர்லாந்து வம்சாவளியினரான கென்னடி 1963 ஜூனில் இந்த ஊருக்கு வந்து ஐர் சதுக்கத்தில் பேசியிருக்கிறார். சதுக்கத்தின் பூங்காவுக்கும் அவர் பெயர்தான்.

ஷாப் ஸ்ட்ரீட் கடைத்தெருவில் பத்தடிக்கு ஒரு பாடகர் இருந்தார், எல்லாரும் நன்றாகப் பாடினார்கள் என்று சொல்ல முடியாது. அங்கே என்னைக் கவர்ந்தது லிஞ்ச் கோட்டைதான். இந்நகரை ஆண்ட பதினான்கு வணிகக் குடும்பங்களுள் ஒன்றின் கல்மாளிகை இன்று வங்கியாக இயங்குகிறது; பணம் எடுக்கப் போகிறவர்கள் சுவரின் சிற்பங்களை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

தெரு முடியும் இடத்தில், 1584-இல் நகர மதிலின் நீட்சியாகக் கட்டிய ஸ்பானிஷ் ஆர்ச் நிற்கிறது. ஸ்பெயினிலிருந்து மது ஏற்றி வந்த கப்பல்கள் இந்தத் துறையில்தான் சரக்கு இறக்கின. எதிர்க்கரையில் இருந்த கிளாடா மீனவர் குடியிருப்பின் கூரை வீடுகளை 1930-களில் இடித்துவிட்டார்கள். இரு கைகள் முடிசூடிய இதயத்தை ஏந்தும் கிளாடா மோதிரம் மட்டும் ஊரெங்கும் நகைக்கடைகளில் மின்னுகிறது. இதயத்தின் கூர்முனை அணிபவரை நோக்கியிருந்தால், அவர் மனம் ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கிறது என்று பொருளாம். “ஏங்க, ஒன்று போட்டுப் பார்க்கிறீர்களா?” என்று கேட்டேன். விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்தவர், தாலி கட்டியதே போதும் என்று சொல்லிவிட்டு, வறுத்த மீனும் உருளைக்கிழங்கு சிப்ஸும் விற்கும் கடையின் வரிசையில் போய் நின்றுகொண்டார்.

மாலையில் சால்ட்ஹில் கடற்கரை நடைபாதையில் இரண்டு கிலோமீட்டர் தூரம் நடந்தோம். வளைகுடாவுக்கு அப்பால் கிளேர் மாவட்டத்தின் பர்ரன் குன்றுகள் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. பிளாக்ராக் நீச்சல் மேடையிலிருந்து சிறுவர்கள் குளிர்ந்த நீரில் குதித்துக்கொண்டே இருக்க, ஸ்வெட்டரைக் கழற்றாமல் வேடிக்கை பார்த்தோம். நடைபாதை முடியும் இடத்தில் சுவரைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்பது இவ்வூர் வழக்கம். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நாங்களும் உதைத்தோம்.

இந்தப் பயணத்தை யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல்: காலையில் மேற்கே போகும்போதும் மாலையில் கிழக்கே திரும்பும்போதும் சூரியன் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும் என்பதால், ஓட்டுபவருக்கு நேரே கண்ணில் வெயில் அடிக்காது. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் கிளம்ப அவசரப்படத் தேவையில்லை. இரவு எட்டுக்கு மேல்தான் வண்டியை எடுத்தோம். திரும்பும்போது நான் ஓட்ட, கணவர் அத்லோன் வருவதற்கு முன்பே தூங்கிவிட்டார்.