ஓரியூர் செம்மண்ணில் ஒரு புதன்கிழமை

இராமநாதபுரம் மாவட்டத்தில் திருவாடானைப் பக்கம், பாம்பாற்றங்கரையில் இருக்கிறது ஓரியூர். 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி போர்ச்சுகலிலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்ட இடம். அங்கே மணல் செக்கச்செவேலென்று இருக்கும். அவர் ரத்தம் பட்டுச் சிவந்த மண் என்று நம்பி மக்கள் அதை அள்ளி நெற்றியில் இட்டுக்கொள்வார்கள்; ஒரு பொட்டலம் வீட்டுக்கும் எடுத்துப் போவார்கள். எங்கள் வீட்டிலும் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் இந்த மண் எப்போதும் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்த கையோடு அத்தை இந்த மண்ணையும் பூசிவிடுவார்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தச் செலவு போய்விடுகிறது என்பதே எங்களுக்குப் பெரிய கிருபை. ஆனால் வெளியில் வாங்கும் ஊசி, ரத்தப் பரிசோதனை, ஆட்டோ, வேலைக்குப் போக முடியாத நாட்கள் இதெல்லாம் எந்தத் திட்டத்திலும் வராது. அவர் நடத்திவந்த டூவீலர் பட்டறையை மூடிவிட்டோம். என் சங்கிலி அடகில் இருக்கிறது. ராத்திரி வெகுநேரம் வரை தையல் மிஷினில் உட்காருகிறேன். இதையெல்லாம்விட எனக்குக் கஷ்டமாக இருப்பது அவருடைய தாகம். சிறுநீர் பிரியாத உடம்பில் குடிக்கிற தண்ணீரெல்லாம் அப்படியே தங்கி, மூச்சு முட்டி, இருதயத்தைப் போய் அழுத்தும். அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. காய்கறியைக்கூட வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும், பொட்டாசியம் ஏறக் கூடாது என்பதற்காக.

இந்த நிலையில் விசுவாசம் ஆட்டம் காண்பது நோயினால் மட்டும் அல்ல, மனிதர்களின் பேச்சினாலும்தான். செபிக்க வந்த ஒருவர், "முழு விசுவாசத்தோடு கேட்டிருந்தால் இந்நேரம் சுகமாகியிருக்கும்" என்று என் கணவரின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவர் குடும்பத்தில் பழைய பாவம் ஏதாவது உண்டா என்று விசாரித்தார். அன்று ராத்திரி என் கணவர் சாப்பிடவில்லை. பிறவியிலேயே பார்வையில்லாதவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவர் செய்ததும் இல்லை, இவர் பெற்றோர் செய்ததும் இல்லை என்று இயேசு சொன்னதை யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து எடுத்துப் படித்துக் காட்டினேன். "ஆண்டவர் சொன்னது புரியுது, ஆளுங்க சொல்றதுதான் மனசுல ஒட்டிக்குது" என்றார்.

அப்போதுதான் அத்தை ஓரியூர் போகலாம் என்று ஆரம்பித்தார். மகனுக்குச் சுகம் கிடைத்தால் மொட்டை போட்டு, கிடா வெட்டி எல்லோருக்கும் அசன விருந்து கொடுப்பதாக அவர் முன்பே நேர்ந்திருந்தார். ஓரியூரில் அது வழக்கம்தான். பிள்ளை வரம் கேட்டுத் தென்னங்கன்று கொண்டுவந்து கொடுப்பவர்களும் உண்டு. அதில் இந்துக் குடும்பங்களும் நிறைய. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் துணியில் காசு முடிந்து, "சாமிகிட்ட அண்ணன் பேரைச் சொல்லிப் போட்ருங்க" என்று என் கையில் கொடுத்தார்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருக்கும் புதனில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு இருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் இரண்டாம் வாரப் புதன்கிழமை, விடிவதற்கு முன் மதுரையிலிருந்து கிளம்பினோம். தம்பி முறை உறவினர் ஒருவர் தன் காரை எடுத்து வந்தார். சிவகங்கை, காளையார்கோவில், பிறகு மருது சகோதரர்கள் தேர் செய்து கொடுத்ததாகச் சொல்லப்படும் சருகணி. அங்கே காரை நிறுத்தி ஓர் அருள்நிறை மரியே செபம் சொல்லிவிட்டுப் போனோம். அப்புறம் கண்மாய், கருவேலங்காடு, அறுத்து முடித்த வயல், மறுபடியும் கண்மாய். ஃபிளாஸ்க்கில் ஐஸ்கட்டி வைத்திருந்தேன். நாக்கு வறளும்போது ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். வழியெல்லாம் என் மகள் கேட்டுக்கொண்டே வர, அருளானந்தர் கதையை அத்தை சொல்லிக்கொண்டே வந்தார். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். நோயாளியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்கும்போது எனக்கு அதில் மூன்று நோயாளிகள் தெரிந்தார்கள்.

முதல் நோயாளி அருளானந்தரேதான். 1647-இல் லிஸ்பன் நகரில் பெரிய குடும்பத்தில் பிறந்த பிள்ளை, பெயர் ஜான் தெ பிரிட்டோ. தகப்பனார் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழனாக இருந்தபோது படுத்த படுக்கையாகி, வைத்தியர்கள் கைவிரித்துவிட்டார்கள். அவருடைய தாய் புனித சவேரியாரிடம் வேண்டிக்கொண்டார்: பிள்ளை பிழைத்தால் ஒரு வருடம் சேசு சபைத் துறவிகளின் அங்கியை உடுத்திவிடுகிறேன் என்று. பிள்ளை பிழைத்தான். அந்தக் குட்டி அங்கியோடு அரண்மனையில் சுற்றிவந்த சிறுவன்தான் பின்னால் நிஜமாகவே சேசு சபையில் சேர்ந்து, குருவாகி, கப்பல் ஏறி நம் மறவர் சீமைக்கு வந்து, காவி உடுத்தி, புலால் மறுத்து, பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்தார்.

இரண்டாவது நோயாளி தடியத்தேவர். மறவர் சீமையின் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். வைத்தியம் எதுவும் பலிக்காமல் கிடந்தவருக்காக வேதம் கற்பிக்கும் ஓர் உபதேசியார் போய் நற்செய்தி வாசித்துச் செபித்தார், அவர் எழுந்துவிட்டார் என்பது வரலாறு. 1693 ஜனவரியில் அருளானந்தர் கையால் ஞானஸ்நானம் பெற்றார். ஒரே மனைவியோடு வாழ வேண்டும் என்பதற்காக மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவர் சீமையை ஆண்ட சேதுபதி மன்னரின் உறவுப் பெண். அவர் போய் முறையிட, அருளானந்தர் கைதானார். ஒருவர் சுகமானது இன்னொருவரின் உயிருக்கு உலை வைத்தது என்பதை அதற்கு முன் நான் இப்படி யோசித்ததே இல்லை.

மூன்றாவது நோயாளியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சேதுபதி தன் நாட்டுக்குள் அருளானந்தரைக் கொல்லத் தயங்கி, ஓரியூரில் ஆட்சி செய்த தம்பி உடையத்தேவரிடம் அனுப்பிவைத்தார். அந்த உடையத்தேவர் கை கால் விழுந்து, பார்வையும் போனவர் என்று அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். கைதியாக வந்த சாமியாரைக் கூப்பிட்டு, என்னைச் சுகமாக்கு, உன்னை விட்டுவிடுகிறேன் என்றாராம். ஆண்டவரால்தான் சுகம் கொடுக்க முடியும், என் கையில் இல்லை என்று பதில் சொன்னாராம் அருளானந்தர். உடையத்தேவருக்குச் சுகம் கிடைக்கவில்லை. உயிர் பிழைக்க அந்த நேரத்தில் எதையாவது சொல்லியிருக்கலாம். ஒரு நாள் தவணையாவது கேட்டிருக்கலாம். நோயாளியிடம் பொய் நம்பிக்கை கொடுக்க அவர் மறுத்துவிட்டார். கடைசிக் கடிதத்தைக்கூடக் கரித்தூளைத் தண்ணீரில் கரைத்து வைக்கோலால் எழுதினார் என்பார்கள். சாவுக்காக ஆசையோடு காத்திருக்கிறேன் என்ற பொருளில் அதில் எழுதியிருந்தார். அவர் வெட்டப்பட்ட நாள், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன்.

பின் சீட்டில் கண்ணை மூடியிருந்த என் கணவர் இதைக் கேட்டுவிட்டு, "என்கிட்ட அன்னைக்குப் பேசுனவர் இந்தக் கதையைப் படிக்கணும்" என்றார். வெகுநாள் கழித்து அவர் குரலில் கொஞ்சம் உறைப்பு இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

திருப்பலிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். அன்றைய நற்செய்தி, செபதேயுவின் மனைவி தன் இரண்டு பிள்ளைகளோடு வந்து இயேசுவிடம் வரம் கேட்கும் பகுதி. பிள்ளைகளை உமது வலப்பக்கமும் இடப்பக்கமும் உட்கார வையும் என்று அந்தத் தாய் கேட்கிறாள். இயேசு அவளைத் துரத்தவில்லை. கேட்பது என்னவென்று உங்களுக்குத் தெரியவில்லை என்கிறார், நான் குடிக்கப்போகும் கிண்ணத்தில் உங்களால் குடிக்க முடியுமா என்கிறார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். மகனுக்காகக் கேட்க வந்த ஒரு தாய்க்கு இந்த வாசகம் எப்படி விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய் நோயில்பூசுதல் கேட்டோம், நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனம் அது. அத்தைக்கு முதலில் இதில் பயம்தான். அவர் தலைமுறைக்கு அது அவஸ்தைப் பூசுதல். உயிர் பிரிகிற நேரத்தில் மட்டும் கொடுப்பது. கடுமையான நோயில் இருக்கும் யாரும் பெறலாம், பெரிய ஆபரேஷனுக்கு முன்பு பெறலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம் என்று நம் வீடுகளில் இன்னும் பலருக்குத் தெரியவில்லை. யாக்கோபு தம் கடிதத்தில் நோயாளிக்காகத் திருச்சபை மூப்பர்களை அழைக்கச் சொல்வது வாழ்வதற்காகத்தான். நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார் சாமியார். பட்டறையில் கிரீஸ் படிந்தே இருந்த அந்தக் கைகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செம்மண் இருக்கும் இடத்தில் ஒரு பாட்டி தன் பேரனின் காலில் மண்ணைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று ஓர் இளநீரை இவரிடம் நீட்டினார். இளநீரில் பொட்டாசியம் அதிகம், இவருக்கு அது விஷம் மாதிரி. பாட்டி மனம் நோகாமல் இரண்டு கையாலும் வாங்கி, கும்பிட்டு, மகளிடம் கொடுத்துவிட்டார். மண்ணை நெற்றியில் மட்டும் இட்டுக்கொண்டார். இதைப் படிக்கிற டயாலிசிஸ் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கும் கையில் எந்த மண்ணையும், எண்ணெயையும் தடவாதீர்கள், கரைத்துக் குடிக்கவும் வேண்டாம். கிருமி உள்ளே போனால் ரத்தத்தில் பரவிவிடும். நெற்றியில் இட்டுக்கொண்டாலே அருளானந்தருக்குப் போதும்.

அப்புறம் அத்தை மொட்டை போடப் போகிறேன் என்று கிளம்பினார். "சுகமான பிறகுதானே அப்பத்தா மொட்டை?" என்று மகள் கேட்டாள். "கிடா அப்பறம் பாத்துக்கலாம். இத்தனை நாள் உங்கப்பனை எங்கிட்ட வச்சிருக்காரே, அதுக்கு இன்னைக்கே நன்றி சொன்னா என்ன?" என்றார் அத்தை. அந்த நரைத்த முடி மண்ணில் விழுந்தபோது என் கணவர் குழந்தை மாதிரி அழுதார்.

திரும்பும் வழியில் அவர் நெடுநாளாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னார். என் ரத்த வகை அவருக்குப் பொருந்தவில்லை. அத்தைக்குச் சர்க்கரை நோய். அதனால் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்காகப் பதிவு செய்து காத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் 2008 முதல் நடக்கும் அரசுத் திட்டம் அது. தினமும் ராத்திரி செபமாலை முடிந்ததும் அத்தை, "என் பிள்ளைக்குச் சீக்கிரம் ஒரு கிட்னி கிடைக்கணும் மாதாவே" என்று சத்தமாக வேண்டுவார். "அதுக்கு ஆமென் சொல்லவே எனக்கு வாய் வரலைம்மா. யார் வீட்டுப் பிள்ளையோ சாகணும்னு கேக்குற மாதிரி இருக்கு" என்றார்.

காரில் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அத்தைதான் கதையின் மீதியைச் சொன்னார். அருளானந்தர் ஓரியூரில் வெட்டப்பட்ட செய்தி லிஸ்பனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, சிறுவயதுத் தோழரான பேதுரு அரசராக இருந்தார். நன்றிப் பாடல் பாட ஏற்பாடு செய்து அருளானந்தரின் தாயை அழைத்தார். துக்க உடையில் போகாமல், திருவிழா உடையில் போய் நின்றாராம் அந்தத் தாய். நேர்ச்சை வைத்து மீட்ட பிள்ளை! அவர் அழாமல் இருந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அழுத கண்ணோடுதான் அந்த உடையை எடுத்துக் கட்டியிருப்பார். "பிள்ளையைக் கொடுக்கிற தாயும் இருக்கா, வாங்குற தாயும் இருக்கா" என்றார் அத்தை. "நான் வாங்குறவளுக்கு மட்டுந்தான் வேண்டிக்கிட்டு இருந்தேன்."

அன்று ராத்திரியிலிருந்து எங்கள் வீட்டில் வேண்டுதல் மாறியிருக்கிறது. யாரும் சாக வேண்டும் என்று கேட்பதில்லை. எங்கேயோ விபத்து நடந்து, ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, உறுப்புகளைத் தருகிறோம் என்று கையெழுத்துப் போட வேண்டிய வேளை ஒரு குடும்பத்துக்கு வந்தால், அந்தத் தாயை ஆண்டவர் தாங்க வேண்டும் என்று கேட்கிறோம். பெயர் தெரியாத அந்த வீட்டுக்காக செபமாலையின் பத்து மணிகளைத் தனியாகச் சொல்கிறோம். அதற்குப் பிறகுதான் எங்களுக்காகக் கேட்கிறோம், வெட்கப்படாமல், சத்தமாக, சுகம் வேண்டும் என்றே கேட்கிறோம். என் கணவர் இப்போது ஆமென் சொல்கிறார்.