ஸ்டேட் யுனிவர்சிட்டி மேல ஃபெடரல் கோர்ட்ல கேஸ் போட்டு நான் பட்டது

அமெரிக்கால ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டி லேப்ல பதினோரு வருஷம் வேலை. முதுகு ஆபரேஷனுக்கு எஃப்எம்எல்ஏ (சொந்த உடம்புக்கோ குடும்பத்துக்கோ 12 வாரம் வேலை போகாம லீவு தர்ற ஃபெடரல் சட்டம்) லீவு போட்டுட்டு திரும்பி வந்தா உனக்கு வேலை இல்லன்னுட்டாங்க. வக்கீலுக்குக் கொடுக்க பணம் இல்ல, நானே எழுதி ஃபெடரல் கோர்ட்ல 405 டாலர் கட்டி ஃபைல் பண்ணேன். சம்மன் சர்வ் ஆகுற வரைக்கும் பிரச்சினையே இல்ல.

அப்புறம் வந்துச்சு அவங்க மோஷன், அதாவது கேஸையே தள்ளுபடி பண்ணச் சொல்ற மனு. என்னை வேலைய விட்டு எடுத்தது சரியா தப்பான்னு ஒரு வரி இல்ல. அமெரிக்க அரசியல் சட்டத்தோட 11வது திருத்தம், ஸ்டேட் சம்மதிக்காம தனி ஆள் நஷ்டஈடு கேட்டு ஃபெடரல் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது, யுனிவர்சிட்டியும் ஸ்டேட்டோட அங்கம்தான், கூடவே 2012 கோல்மன் தீர்ப்பு, சொந்த உடம்புக்கு எடுத்த லீவுக்கு ஸ்டேட்கிட்ட பணம் கேக்க முடியாது. வயிறு எரியுறது எங்கன்னா, 2003 ஹிப்ஸ் தீர்ப்புப்படி குடும்பத்துல ஒருத்தரப் பாத்துக்க எடுத்த லீவுன்னா கேக்கலாமாம். அதே சட்டம், அதே 12 வாரம். ஆபரேஷன் என் வீட்டுக்காரிக்கு நடந்திருந்தா கேஸ் நின்னிருக்கும்.

ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டுப் போய் கோர்ட் கவுண்டர்ல கேட்டா, சட்ட ஆலோசனை தரமாட்டோம்னு கண்ணாடில ஒட்டியிருந்த தாள விரலால காட்டுனாங்க, நிமிர்ந்துகூட பாக்கல.

காப்பாத்துனது லீகல் எய்ட் வக்கீலம்மா. மோஷன் வந்த 21 நாளுக்குள்ள கம்ப்ளெயின்ட்ட ஒரு தடவ யார் அனுமதியும் இல்லாம திருத்தலாம், தயவுசெஞ்சு இத மறந்துடாதீங்க, எனக்கு மிச்சம் இருந்தது 6 நாள். ரெண்டு விஷயம் சேத்தோம். ஃபெடரல் பணம் வாங்குறதால ரிஹாபிலிடேஷன் சட்டத்தோட 504வது பிரிவுல யுனிவர்சிட்டிக்கு இம்யூனிட்டி (ஸ்டேட் மேல கேஸ் போட முடியாதுங்கற அந்தப் பாதுகாப்பு) கிடையாது, அதனால உடல் குறைபாடு பாகுபாடுன்னு ஒண்ணு. இன்னொண்ணு 1908 எக்ஸ் பார்ட்டே யங் தீர்ப்பு காட்டுன வழி, ஸ்டேட்டுக்குப் பதிலா அதோட அதிகாரி மேல போடுறது, டீனை அவர் பதவி முறைல சேத்து வேலைய மட்டும் திருப்பிக் கேக்குறது. பழைய சம்பள பாக்கி இந்த வழில வராது.

ஸ்டேட் சட்டப்படி உள்ள கிளெய்மையும் இதுலயே போட்டு வச்சிருந்தேன். இம்யூனிட்டின்னு அது தள்ளுபடியானா, ஃபெடரல் கோர்ட்ல போன நாளுக்கெல்லாம் ஸ்டேட் கோர்ட்ல கேஸ் போடுற கெடு நிக்காம ஓடிட்டே இருக்கும், 2002 ரேகர் தீர்ப்பு. அத எடுத்துட்டு ஓடிப்போய் ஸ்டேட் கோர்ட்ல தனியா போட்டோம்.

உங்க முதலாளி கவுண்டி இல்ல சிட்டின்னா இந்த இம்யூனிட்டி அவங்களுக்கு இல்ல, மொதல்ல அத பாருங்க.

போன வாரம் ஆர்டர் வந்துச்சு. எஃப்எம்எல்ஏ நஷ்டஈடு போச்சு. 504ம் டீன் மேல கேட்டதும் நிக்குது, அந்தப் பக்கத்த பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கேன்.