அப்பாவின் கொலஸ்ட்ரோல் குளிசையும் அதன் விலையும்

அப்பாவுக்கு அற்றோவஸ்ரற்றின் குளிசை கிளினிக்கில் இலவசமாகவே கிடைத்து வந்தது. இருப்பு முடிந்து, வெளியில் வாங்கும்படி துண்டு எழுதித் தரப்பட்ட பிறகுதான் அதன் விலை எங்கள் வீட்டுக் கணக்கில் ஏறியது. இடையில் காட்டிய தனியார் வைத்தியரின் சீட்டில் ஒரு வணிகப் பெயர் மட்டுமே இருந்ததால், புதுக்குடியிருப்பிலிருந்து பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய் அந்தப் பெயரையே சொல்லி வாங்கி வந்தோம். நெல் விற்ற காசு கைக்கு வராத மாதங்களில் அது பெரும் சுமை.

பைசர் நிறுவனம் லிப்பிற்றோர் என்ற பெயரில் விற்ற இம்மருந்துக்கு, அமெரிக்காவில் 2011 நவம்பர் 30 அன்று முதலாவது ஜெனரிக் போட்டியாளர், அதாவது அதே மருந்தைத் தயாரிக்கும் வேறொரு நிறுவனம், சந்தைக்கு வந்தது. 180 நாளுக்கு மற்ற ஜெனரிக் நிறுவனங்கள் நுழைய முடியாதபடி அந்த நிறுவனத்துக்குத் தனி விற்பனை உரிமை இருந்தமையால் விலை உடனே சரியவில்லை. அக்காலம் முடிந்து பல உற்பத்தியாளர்கள் நுழைந்த பின்னரே அது வேகமாக இறங்கியது. காப்புரிமை முடிந்த மருந்தைத் தயாரிப்பவர், பெருஞ்செலவான ஆய்வுகளை முதலிலிருந்து நடத்தத் தேவையில்லை. தமது குளிசையும் மூல மருந்தைப் போலவே இரத்தத்தில் சேர்கிறது என்று நிரூபித்தால் போதும். ஆனால் மூல நிறுவனத்தின் பெட்டி தானாக மலிவாகிவிடுவதில்லை. மலிவானதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பழைய குளிசை அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது, பெரிய எழுத்திலிருந்த வணிகப் பெயரின் கீழே பொடி எழுத்தில் அற்றோவஸ்ரற்றின் என்ற மருந்தின் பொதுப்பெயரும் 20 மில்லிகிராம் என்ற அளவும் இருந்தன. அதைப் பாமசியில் காட்டி, இதே மருந்தில் வேறு கம்பனிகளின் குளிசைகள் உண்டா என்று கேட்டேன். "இருக்குது அக்கா, ஆனா டொக்டர் இதைத்தானே எழுதியிருக்கிறார்" என்று தயங்கிய பிள்ளை, பின்னர் மூன்று பெட்டிகளை மேசையில் வைத்தார். மிக மலிவானதற்கும் எங்களுடையதற்கும் இருந்த வித்தியாசத்தில் அப்பாவின் பிரஷர் குளிசையையும் வாங்கிவிடலாம். எனினும் அன்று நான் வாங்கவில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைச் சட்டம் சீட்டில் மருந்தின் பொதுப்பெயரை எழுதும்படி கூறுவதால், அடுத்த கிளினிக்கில் அவ்வாறே எழுதித் தரும்படி கேட்டேன். வைத்தியர் மறுப்பின்றி எழுதியதோடு, சில மாதங்களில் கொலஸ்ட்ரோலைப் பரிசோதிக்குமாறும் கொப்பியில் குறித்தார். மலிவான குளிசைக்கு மாறிய பின் எடுத்த பரிசோதனையின் முடிவு முன்பிருந்த அளவிலேயே இருந்தது.

அம்மாவின் தைரொயிட் குளிசையையும் இவ்வாறு மாற்றலாமா என்று கேட்டபோது மட்டும் அவர் தடுத்தார். அளவில் சிறு வேறுபாடும் பாதிக்கக்கூடிய தைரொயிட்டுக்கான தைரொக்சின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின், வலிப்புக்கான பெனிற்றோயின் போன்றவற்றில் கம்பனியை மாற்றுவதாயின் வைத்தியரிடம் சொல்லி, இரத்தப் பரிசோதனையோடுதான் செய்ய வேண்டும் என்றார். அம்மாவுக்குப் பழைய பெட்டியையே தொடர்ந்து வாங்குகிறோம்.